குறட்டை விடுபவர் வீட்டுக்குச் சில குறிப்புகள்

"மனுஷன் படுத்தா போதும், குறட்டைதான், கொடுத்து வச்ச தூக்கம்" என்று நம் பக்கத்தில் பெருமையாகச் சொல்வார்கள். பாம்பன், தங்கச்சிமடம் வீடுகளில் இரவெல்லாம் வலை இழுத்துவிட்டு வந்தவர் குறட்டை விட்டால், உழைத்த களைப்பு என்று விட்டுவிடுவோம். ஆனால் அந்தக் குறட்டை திடீரென்று நின்று, சற்று நேரம் சத்தமே இல்லாமல் இருந்து, பிறகு ஒரு திணறலோடு மறுபடி தொடங்கினால் அதைக் களைப்பு என்று விடக்கூடாது. தூக்கத்தில் தொண்டைத் தசைகள் தளர்ந்து, நாக்கு பின்னால் சரிந்து, மூச்சுப்பாதை அடைபடுகிறது. ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்குகிறது. மூளை பதறி அவரை அரைகுறையாக எழுப்புகிறது. மூச்சு வருகிறது, மறுபடி அடைபடுகிறது. விடியும்வரை இதே கதை. டாக்டர்கள் இதை ஸ்லீப் ஆப்னியா என்கிறார்கள். இந்தியாவில் உழைக்கும் வயதில் இருப்பவர்களில் சுமார் 10 கோடிப் பேருக்கு இது இருக்கலாம் என்று 2023ல் டெல்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் மதிப்பிட்டார்கள். தூங்குகிறவருக்கு இது தெரியவே தெரியாது. அதனால் கீழே உள்ளவற்றில் பாதி, பக்கத்தில் படுப்பவருக்கு எழுதியவை.

1. முதலில் செல்போனில் வீடியோ எடுங்கள். இரண்டு மூன்று நிமிடம் போதும். முகம் மட்டும் விழுந்தால் பயனில்லை. நெஞ்சும் வயிறும் தெரியவேண்டும். மூச்சு அடைபட்டிருக்கும்போது வாய் வழியே சத்தம் வராது, ஆனால் நெஞ்சு உள்ளே இழுக்க, வயிறு வெளியே தள்ள, உடம்பு மட்டும் போராடிக்கொண்டிருக்கும். பெரியவர்களுக்கு மூச்சு 10 விநாடியோ அதற்கு மேலோ நின்றால் அதை ஒரு தடை என்று கணக்கு வைக்கிறார்கள். மூச்சு முழுதாக நிற்காமல் மிகவும் குறைந்துபோவதும் இந்தக் கணக்கில் சேரும். மணிக்கு 5 முதல் 15 வரை என்றால் லேசானது, 15 முதல் 30 வரை நடுத்தரம், அதற்கு மேல் கடுமை. டாக்டரிடம் போகும்போது இந்த வீடியோவோடு மனைவியோ மகனோ கூடவே போகவேண்டும். தனியாகப் போகிறவர், "எனக்கு ஒண்ணுமில்லை டாக்டர், நல்லா தூங்குறேன்" என்று சொல்லிவிட்டு வந்துவிடுவார்.

2. தையல் டேப்பை எடுத்துக் கழுத்தை அளந்து பாருங்கள். டொரண்டோவைச் சேர்ந்த மயக்க மருந்து மருத்துவர் ஃபிரான்சிஸ் சங் ஆப்னியாவைக் கண்டறிய 2008ல் வெளியிட்ட எட்டுக் கேள்விகள் இன்று உலகம் முழுக்கப் பயன்படுகின்றன. கதவைச் சாத்தினாலும் கேட்கும் குறட்டை உண்டா? பகலில் அசதியா? மூச்சு நிற்பதை யாராவது பார்த்தார்களா? ரத்த அழுத்தம் உண்டா? உடல் பருமன் அதிகமா? வயது 50க்கு மேலா? கழுத்துச் சுற்றளவு 40 சென்டிமீட்டருக்கு மேலா? ஆணா? மூன்றுக்கு ஆம் என்றாலே டாக்டரைப் பார்க்க வேண்டும். ஒல்லியானவர்கள் தப்பித்தோம் என்று நினைக்க வேண்டாம். தாடை சிறியதாக இருந்தாலும், உள்ளே தள்ளி இருந்தாலும் இது வரும்.

3. மூன்று மாத்திரை போட்டும் பிரஷர் இறங்கவில்லையா? காலையில் எழும்போதே தலைவலியா? இரவில் மூன்று நான்கு தடவை சிறுநீர் கழிக்க எழுகிறாரா? சர்க்கரைதான் காரணம் என்று நாமே முடிவு கட்டிவிடுகிறோம், ஆப்னியாவாகவும் இருக்கலாம். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வந்து பிரஷர் பார்க்கும் பெண்ணிடம், "இவருக்குக் குறட்டையும் உண்டும்மா, நடுவில் மூச்சு நிக்குது" என்று சேர்த்துச் சொல்லுங்கள். கவனிக்காமல் விட்ட ஆப்னியாவோடு பிரஷர், சர்க்கரை, இதயத் துடிப்புக் கோளாறு, பக்கவாதம் எல்லாம் கைகோத்து வருகின்றன. 2022 பிப்ரவரியில் மும்பையில் காலமான இசையமைப்பாளர் பப்பி லஹிரியின் இறப்புக்கு மருத்துவர்கள் சொன்ன காரணங்களில் ஆப்னியாவும் உண்டு.

4. பெண்களை மறந்துவிடுகிறோம். மாதவிடாய் நின்ற பிறகு பெண்களுக்கும் இது கூடுகிறது. அவர்களிடம் பெரிய குறட்டை இல்லாமலே இருக்கலாம். தூக்கம் வரவில்லை, உடம்பெல்லாம் வலி, எதிலும் மனசு போகவில்லை, எழுந்திருக்கவே முடியவில்லை என்றுதான் சொல்வார்கள். சின்னப்பாலம் பக்கம் கடல் வத்தும் நேரம் பார்த்து விடியற்காலையிலேயே பாசி எடுக்கப் போகிற அக்காமார் இப்படிச் சொன்னால், "அந்த வேலைக்கு அசதி வராம இருக்குமா" என்று வீடு முடித்துவிடும். அப்படி முடிக்காதீர்கள். தைராய்டையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். அது குறைந்தாலும் குறட்டை வரும். கர்ப்பமான பிறகு புதிதாகக் குறட்டை தொடங்கியிருந்தால் அடுத்த செக்கப்பிலேயே சொல்ல வேண்டும், ரத்த அழுத்தம் ஏறுவதோடு அதற்குத் தொடர்பு உண்டு.

5. நடுராத்திரியில் மூச்சு முட்டி அலறி எழுகிறவரை "அமுக்குவான் பேய் அமுக்குது" என்பார்கள். தாயத்துக் கட்ட விரும்பினால் கட்டிக்கொள்ளட்டும். கட்டிய கையோடு டாக்டரிடமும் கூட்டிப் போங்கள்.

6. இனி குழந்தைகள். இந்தக் குறிப்பை மட்டும் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். குழந்தை தூங்கி ஒரு மணி நேரம் கழித்து, சட்டையைக் கழற்றிவிட்டு, நல்ல வெளிச்சத்தில் பக்கத்தில் உட்காருங்கள். வாய் திறந்திருக்கிறதா? தலையைப் பின்னால் வளைத்து, கழுத்தை நீட்டிக்கொண்டு படுத்திருக்கிறதா? அந்த வளைவில்தான் அதற்கு மூச்சு கிடைக்கிறது என்று அர்த்தம். ஒவ்வொரு மூச்சுக்கும் தொண்டைக் குழியிலும் விலா எலும்புகளுக்குக் கீழேயும் பள்ளம் விழுகிறதா? மின்விசிறிக்கு நேர் கீழே படுத்தும் தலையணை வியர்வையில் நனைகிறதா? குழந்தைகளுக்குப் பெரியவர்களைப் போல 10 விநாடி மூச்சு நிற்க வேண்டியதில்லை. இரண்டு மூச்சு தவறினாலே கணக்கு, மணிக்கு ஒன்றுக்கு மேல் போனாலே கவனிக்க வேண்டும். பகலில் இந்தப் பிள்ளைகள் பெரியவர்கள் மாதிரி தூங்கி வழிய மாட்டார்கள். நேர்மாறாக, ஒரு இடத்தில் உட்காராமல் ஆடுவார்கள், எரிந்து விழுவார்கள், பாடத்தில் மனம் நிற்காது. படுக்கையை நனைக்கும் பழக்கம் நின்றுபோயிருந்தாலும் திரும்ப வரும். எடை ஏறாது. "வாலுப்பய", "மக்குப்பய" என்று அடி வாங்குகிற எத்தனையோ பிள்ளைகளுக்கு உண்மையில் தூக்கம்தான் போதவில்லை. ஆசிரியர்களுக்கு என் வேண்டுகோள்: பள்ளிக்கு உடல் பரிசோதனைக் குழு வரும் நாளில், வாயால் மூச்சு விடும் பிள்ளைகளின் பெயரைத் தனியே எழுதிக் கொடுங்கள்.

7. குழந்தைகளுக்குப் பெரும்பாலும் காரணம் டான்சிலும் மூக்குக்குப் பின்னால் வளரும் அடினாய்டு சதையும்தான். 2 முதல் 8 வயது வரை இவை தொண்டையின் அளவுக்கு மீறிப் பெரிதாக இருக்கும். மூக்கடைப்பு, ஒவ்வாமை இருந்தால் இன்னும் மோசம். வீட்டுக்குள் பீடி, சிகரெட் கூடவே கூடாது. கொசுவத்திச் சுருளையும் குழந்தை படுக்கும் அறையிலிருந்து எடுத்துவிட்டு கொசுவலை கட்டுங்கள். மூக்கில் எண்ணெய் விடும் பழக்கத்தை நிறுத்துங்கள், அது நுரையீரலுக்குள் இறங்கி நிமோனியாவை உண்டாக்கலாம். மெடிக்கல் கடையில் கிடைக்கும் உப்புநீர்ச் சொட்டு மருந்து போதும். பெரியவர்கள் மூக்கைக் கழுவுவதென்றால், கொதிக்க வைத்து ஆறிய தண்ணீர் கால் லிட்டருக்கு அரை டீஸ்பூன் உப்பு. கிணற்றுத் தண்ணீரையோ கடல் தண்ணீரையோ அப்படியே மூக்கில் ஏற்ற வேண்டாம்.

8. டான்சிலுக்கு "ஆபரேஷன்" என்ற சொல்லைக் கேட்டதும் வீட்டில் பாட்டி அழத் தொடங்கிவிடுவார். அவருக்குச் சொல்ல ஒரு செய்தி வைத்திருக்கிறேன். அமெரிக்காவில் 5 முதல் 9 வயதுள்ள 464 குழந்தைகளை இரண்டு பிரிவாக்கிப் பார்த்து, 2013ல் முடிவை வெளியிட்டார்கள். டான்சிலும் அடினாய்டும் எடுத்த பிள்ளைகளில் 79 சதவீதம் பேருக்கு ஏழு மாதத்தில் தூக்கப் பரிசோதனை சரியாகிவிட்டது. எடுக்காமல் கவனித்து வந்த பிள்ளைகளிலும் 46 சதவீதம் பேருக்குத் தானாகச் சரியானது. இதில் எனக்கு இரண்டு செய்தியும் முக்கியம். அறுவை நன்றாகவே வேலை செய்கிறது. லேசான தொல்லை உள்ள, வளர்ச்சியில் குறையில்லாத குழந்தைக்கு, மூக்கு ஸ்பிரேயோடு சில மாதம் பொறுத்துப் பார்ப்பதிலும் தவறில்லை. எந்தப் பக்கம் என்பதை இ.என்.டி. டாக்டர் சொல்லட்டும். டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தைக்கு மட்டும் குறட்டை இருந்தாலும் இல்லாவிட்டாலும் 4 வயதுக்குள் தூக்கப் பரிசோதனை செய்துவிட வேண்டும்.

9. அறுவை முடிந்து வீட்டுக்கு வந்தபின் இரண்டு வாரம் கவனம். ஐந்தாம் நாளுக்குப் பிறகு தொண்டையில் வெள்ளைப் படலம் உதிரும்போது ரத்தம் கசியலாம். தூக்கத்தில் குழந்தை அடிக்கடி எச்சிலை விழுங்கிக்கொண்டே இருந்தால் வாயைத் திறந்து பாருங்கள். ரத்தம் தெரிந்தால் 108ஐ அழைக்கத் தயங்காதீர்கள். குளிர்ந்த கஞ்சி, இளநீர், ஐஸ்கிரீம் கொடுக்கலாம். முறுக்கும் பொரித்த மீனும் பிறகு. வலிக்கு டாக்டர் எழுதியதை மட்டும் கொடுங்கள். கோடீன் கலந்த மருந்து இந்தக் குழந்தைகளுக்கு மூச்சையே அமுக்கிவிடும் என்று 2013லேயே அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு கடுமையாக எச்சரித்திருக்கிறது.

10. எங்கே போவது? ராமநாதபுரத்தில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. முதலில் அங்கே இ.என்.டி., பொது மருத்துவப் பிரிவுகளில் காட்டலாம். இரவு முழுக்கப் படுக்க வைத்து எடுக்கும் பெரிய பரிசோதனைக்கு மதுரைக்கு எழுதிக் கொடுத்தால் ராமேஸ்வரத்திலிருந்து சுமார் 170 கிலோமீட்டர் பயணம், கூட ஒருவர் தங்கவேண்டும். விசைப்படகில் போகிறவர்களுக்கு ஒரு யோசனை: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் படகு கரையில்தானே நிற்கிறது. படகுக்கு மராமத்துப் பார்க்கும் அந்த நாள்களிலேயே உடம்புக்கும் பார்த்துவிடுங்கள். கடலுக்குப் போகும் டோக்கன் போய்விடுமே, ஒரு நாள் கூலி போய்விடுமே என்ற கவலை இருக்காது. சிகிச்சைக்கு மெஷின் கொடுத்தால் அதற்குப் பழகவும் அந்த இரண்டு மாதம் உதவும்.

11. தூக்கப் பரிசோதனையில் ஊசி கிடையாது, வலி கிடையாது. விரலில் ஒரு கிளிப், நெஞ்சில் ஒரு பெல்ட், மூக்கடியில் ஒரு மெல்லிய குழாய். தலையிலும் சில ஒயர்களை ஒட்டுவார்கள். அன்று தலைக்கு எண்ணெய் வைக்காமல் போகவேண்டும், ஒயர் ஒட்டாது. பெரியவர்களுக்கு வீட்டிலேயே செய்யும் சிறிய பரிசோதனையும் உண்டு. டாக்டர் போதும் என்றால் அது போதும்.

12. மல்லாந்து படுக்காதீர்கள். பலருக்கு ஒருக்களித்தாலே பாதித் தொல்லை குறையும். பழைய பனியனின் முதுகுப் பக்கம் ஒரு பை வைத்துத் தைத்து, உள்ளே டென்னிஸ் பந்தைப் போடுங்கள், புரண்டால் அது குத்தித் திருப்பிவிடும். கயிற்றுக் கட்டில் தொய்ந்திருந்தால் கயிற்றை இழுத்துக் கட்டுங்கள். தலையணையை அடுக்கினால் கழுத்து மடங்கி அடைப்பு கூடும். தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் பலகைத் துண்டு வைத்துக் கட்டிலையே அரையடி உயர்த்துவது நல்லது.

13. மது தொண்டைத் தசையை மேலும் தளர்த்திவிடும். கரைக்கு வந்ததும் குடித்துவிட்டுப் படுப்பவருக்கு அன்றைய இரவு மற்ற இரவுகளைவிட ஆபத்து. அண்ணே, விட முடிந்தால் விட்டுவிடுங்கள். முடியாவிட்டால் படுப்பதற்கு நான்கைந்து மணி நேரத்துக்கு முன்னாவது நிறுத்துங்கள். டாக்டர் சீட்டு இல்லாமல் தூக்க மாத்திரை வேண்டாம். கருவாடும் ஊறுகாயும் தினமும் தட்டில் இருந்தால் உப்பு உடம்பில் நீரைத் தேக்கும். படுக்கும்போது அந்த நீர் காலிலிருந்து கழுத்துக்கு ஏறும். இரவுச் சாப்பாட்டிலாவது கருவாட்டைத் தவிருங்கள்.

14. எடையில் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் மூச்சுத்தடை கால் பங்கு அளவுக்குக் குறைவதாக அமெரிக்காவில் பலரை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து பார்த்த ஆய்வு 2000ல் சொன்னது. 80 கிலோ இருப்பவர் 72க்கு வந்தால் நல்ல பலன். பருமனோடு நடுத்தரமான அல்லது கடுமையான ஆப்னியா உள்ளவர்களுக்கு டிர்செபடைட் என்ற ஊசியை 2024 டிசம்பரில் அமெரிக்கா அனுமதித்தது. நம் நாட்டிலும் எடைக்கும் சர்க்கரைக்கும் அது விற்பனைக்கு வந்துவிட்டது. விலை அதிகம், டாக்டர் கண்காணிப்பு கட்டாயம்.

15. நடுத்தரம், கடுமை என்று வந்துவிட்டால் முதல் மருந்து சிபேப் மெஷின்தான். 1980ல் சிட்னியில் காலின் சல்லிவன் என்ற டாக்டர் உருவாக்கியது. சைக்கிள் டியூபில் காற்று இருந்தால் அதன் உட்சுவர் ஒட்டிக்கொள்ளாது அல்லவா, மாஸ்க் வழியே காற்றை அழுத்தி அனுப்பி அதே வேலையைத்தான் இது தொண்டைக்குச் செய்கிறது. முதல் வாரத்திலேயே தூக்கிப் பரண்மேல் வைத்துவிடுகிறவர்கள் நிறைய. அதனால் இரவில் தொடங்காதீர்கள். பகலில் டிவி பார்க்கும்போது மாஸ்க்கை மட்டும் அரை மணி மாட்டிப் பழகுங்கள். அடுத்த நாள் காற்றோடு. பிறகு மதியத் தூக்கத்துக்கு. அதன்பின் இரவு. காற்று கசிந்து கண்ணில் அடித்தால் வாரை இறுக்கிக்கொண்டே போகாதீர்கள். மாஸ்க் அளவு தவறு, மாற்றித் தரச் சொல்லுங்கள். தாடி வைத்திருக்கும் பெரியவர்களுக்கு முகத்தை மூடும் மாஸ்க் கசியும். மூக்குத் துளையில் மட்டும் பொருந்தும் சிறிய மாஸ்க் கேட்டு வாங்குங்கள், தாடியை எடுக்க வேண்டியதில்லை. இரவுக்கு நான்கு மணி நேரமாவது மாட்ட வேண்டும். தூங்கும் நேரம் முழுக்க மாட்டினால்தான் முழுப் பலன். நோன்பு மாதத்தில் சஹருக்குப் பிறகு கண்ணயரும் அந்த ஒன்றிரண்டு மணி நேரத்துக்கும் மறுபடி மாட்டிக்கொள்ளுங்கள், வாப்பாவுக்கு நினைவூட்டுவது பிள்ளைகள் பொறுப்பு.

16. மெஷினின் ஈரமூட்டும் தொட்டியில் ஊற்றும் தண்ணீர் மெடிக்கல் கடை டிஸ்டில்டு வாட்டராக இருக்கட்டும். நம் பக்கத்து போர்த் தண்ணீர் இரண்டே வாரத்தில் தொட்டியில் வெள்ளை உப்பு படியவைக்கும். பேட்டரிக்கு ஊற்றுவது வேண்டாம். கடலோரக் காற்றில் ஈரம் ஏற்கெனவே அதிகம் என்பதால் ஈரமூட்டும் பகுதி இல்லாமலே பலருக்கு ஒத்துப்போகும். தொண்டை வறண்டால் மட்டும் போடுங்கள். மாஸ்க்கைத் தினமும் காலையில் சோப்புத் தண்ணீரில் கழுவி நிழலில் காயவையுங்கள், வெயிலில் சிலிக்கான் வெடித்துவிடும். கடலைப் பார்த்த ஜன்னல் ஓரத்தில் மெஷினை வைக்காதீர்கள். உப்புக்காற்று வடிகட்டியைச் சீக்கிரம் கெடுக்கும், அதனால் மெஷினோடு வந்த புத்தகத்தில் போட்ட நாளுக்கு முன்பே மாற்றுங்கள்.

17. மின்சாரம். 2024 நவம்பர் 20 அன்று ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 41 சென்டிமீட்டர் மழை கொட்டியது நினைவிருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் கரண்ட் போகும் என்று தெரிந்தே நாம் வாழ்கிறோம். ஈரமூட்டியை அணைத்துவிட்டால் சிபேப் ஒரு மின்விசிறியைவிடக் குறைந்த மின்சாரமே இழுக்கும். வீட்டு இன்வெர்ட்டர் ஒரு இரவுக்குத் தாராளமாகத் தாங்கும். புயல் முகாமுக்குப் போக நேர்ந்தால் மெஷின், மாஸ்க், டாக்டர் சீட்டு, ஒரு நீளமான எக்ஸ்டென்ஷன் ஒயர் எல்லாம் ஒரே பையில் இருக்க வேண்டும்.

18. கீழக்கரை, பெரியபட்டினம் வீடுகளுக்கு துபாயிலிருந்து பிள்ளைகள் மெஷின் வாங்கி அனுப்புவதுண்டு. அன்பு பெரிது, ஆனால் எவ்வளவு அழுத்தம் வைக்க வேண்டும் என்பது ஆளுக்கு ஆள் மாறும். டாக்டர் சீட்டைப் பார்த்துச் சரிசெய்த பிறகே மாட்டுங்கள். பழைய மெஷின் என்றால் மாடலை விசாரியுங்கள்: உள்ளே இருக்கும் ஃபோம் உதிர்ந்து மூச்சில் கலக்கலாம் என்று பிலிப்ஸ் நிறுவனம் 2021 ஜூனில் லட்சக்கணக்கான மெஷின்களைத் திரும்பப் பெற்றது.

19. இரவு வேலைக்காரர்கள். ஆடி அமாவாசை, தை அமாவாசைக்கு யாத்திரை வேன் ஓட்டிக்கொண்டு மதுரைச் சாலையில் வருகிற தம்பிகள், படகில் சுக்கான் பிடிப்பவர்கள், இருவருக்கும் சொல்கிறேன்: சிகிச்சை ஒழுங்காக நடக்கும்வரை இரவில் தனியாக ஓட்டாதீர்கள். டீ குடித்தும் முகம் கழுவியும் இந்தத் தூக்கத்தை ஏமாற்ற முடியாது. தூக்கம் தட்டினால் ஓரங்கட்டி இருபது நிமிடம் கண் மூடுங்கள். உப்புத் தண்ணீர் தெறிக்கும் படகில் சிபேப் வைப்பது சிரமம். தடை லேசாகவோ நடுத்தரமாகவோ இருந்தால், கீழ்த்தாடையை முன்னால் நகர்த்திப் பிடிக்கும் பல் கவசம் செய்து தரும்படி பல் டாக்டரிடம் கேளுங்கள். சட்டைப் பையில் அடங்கிவிடும்.

20. சங்கு ஊதலாமா? நம் கடலில் சங்கு குளித்து வந்த ஊர்களுக்கு இது நல்ல சேதி. ஜெய்ப்பூரில் நடுத்தரமான ஆப்னியா உள்ள 30 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2025ல் வந்தது. வாரத்தில் ஐந்து நாள், தினமும் 15 நிமிடமாவது சங்கு ஊதியவர்களுக்கு ஆறு மாதத்தில் பகல் தூக்கம் 34 சதவீதம் குறைந்தது, மணிக்கு நான்கைந்து தடைகளும் குறைந்தன. சிறிய ஆய்வுதான், மெஷினுக்கு மாற்று என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ராமேஸ்வரம் சன்னதித் தெருவில் வாங்கினால் முனை அறுத்த ஊதுசங்காகப் பார்த்து வாங்குங்கள். குடலிறக்கம், கண் அழுத்தம், இதய நோய் உள்ளவர்கள் கேட்டுக்கொண்டு தொடங்குங்கள்.

21. வாயில் பிளாஸ்திரி ஒட்டித் தூங்குவது, விரலில் குறட்டை மோதிரம் போடுவது, மூக்கில் காந்தக் கிளிப் மாட்டுவது என்று செல்போனில் வருகிற விளம்பரங்களுக்குக் காசு கொடுக்காதீர்கள். மூக்கடைத்தவர் வாயையும் ஒட்டிக்கொண்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். குழந்தைக்கு ஒருபோதும் ஒட்டாதீர்கள்.

22. எந்த ஆபரேஷனுக்குப் போனாலும், அது கண்புரையோ குடலிறக்கமோ, மயக்க மருந்து டாக்டரிடம் ஆப்னியா இருப்பதைச் சொல்லுங்கள். மெஷினையும் கையோடு கொண்டுபோங்கள்.

23. ஒருமுறை பார்த்ததோடு முடிந்துவிடாது. எடை பத்துக் கிலோ ஏறினாலோ இறங்கினாலோ அழுத்தத்தை மறுபடி பார்க்க வேண்டும். பல் கவசம் போட்டவர் அதைப் போட்டுக்கொண்டே ஒரு பரிசோதனை செய்ய வேண்டும். அறுவை செய்த குழந்தையை ஆறு முதல் எட்டு வாரம் கழித்து மறுபடி சட்டையைக் கழற்றிவிட்டுப் பாருங்கள். குண்டான பிள்ளைக்கும் ஒவ்வாமை உள்ள பிள்ளைக்கும் தொல்லை மிச்சம் இருக்கலாம். குறட்டை இன்னும் கேட்டால் புதிய வீடியோ எடுத்துக்கொண்டு அதே டாக்டரிடம் போங்கள்.